மேல் அறைக்கு நெட் ஏறிய விவரம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே நீங்களும் என் மகள் குட்டியும், அவள் வயிற்றில் இன்னும் பெயரில்லாமல் உதைத்துக்கொண்டிருக்கும் அந்த மூன்றாவது ஆளும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஒருமுறை நினைத்துவிட்டுத்தான் பல் துலக்கவே போகிறேன்.

பொருள்: வீட்டுக் கரண்ட் கம்பி வழியாக மேல் அறைக்கு நெட் அனுப்புதல். முழு வெற்றி.

பார்வை: தாங்கள் பார்சலில் அனுப்பிய வெள்ளைப் பிளக்குகள் இரண்டு, சின்ன வைஃபை பெட்டி ஒன்று.

இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்று குட்டி சிரிப்பாள். சிரிக்கட்டும். முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்தவன் நான். ஒரு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ரிஜிஸ்டரில் ஏறவில்லை என்றால் அந்த வண்டி கிளம்பவே இல்லை என்பதுதான் எங்கள் சட்டம். அதனால் நடந்தது அத்தனையும் தேதிவாரியாக எழுத்தில் வருகிறது. இதைப் படித்து முடித்த கையோடு நீங்கள் டிக்கெட் போட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. குட்டியைப் பகலில் தனியாக விடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இங்கே வந்து இருங்கள் என்று நாங்கள் கூப்பிட்டோம். அவர் வராமல் நான் மட்டும் வரமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். நாள் முழுக்க வீடியோவில் ஆபீஸ் வேலை பார்க்கிற நீங்களும் நியாயமாகத்தான் கேட்டீர்கள்: "மேல் ரூம்ல நெட் விட்டு விட்டு வராம இருந்தா போதும் மாமா, அடுத்த நாளே கிளம்பிடறோம்." இந்த மாதக் கடைசிக்குள் பயணம் செய்தால் உண்டு, அதற்கு மேல் அசையக் கூடாது என்பது டாக்டரம்மா வைத்த கெடு. இன்று தேதி பதினெட்டு. ஆக என் மகள் இந்த வீட்டு வாசலில் வந்து இறங்குவதும் இறங்காததும் உள்ளங்கை அளவு இரண்டு பிளக்குகளின் கையில் இருந்தது.

ஹாலில் மோடம் இருக்கிற இடத்தில் நெட் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. நடுவில் இருக்கிற கான்கிரீட்டைத் தாண்டி மேலே ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடுகிறது. ஒரு கேபிள் இழுத்துவிடலாமே மாமா என்று நீங்கள் சொன்னபோது நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். டிவிக்காரர் ஹாலுக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போன ஒயரில் தடுக்கி, கையில் சாப்பாட்டுத் தட்டோடு நான் விழுந்த நாளிலிருந்து, என் உயிர் இருக்கிறவரை இந்த வீட்டுக்குள் ஒயர் தொங்காது என்பது என் சபதம். அந்தச் சபதத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் நீங்கள் இந்தப் பிளக்குகளை அனுப்பினீர்கள். பெரிய மனசு.

பார்சலைப் பிரித்துக் கூடவே இருந்த தாளைப் படித்தேன் மாப்பிள்ளை, படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே ஒரு பிளக், மேலே ஒரு பிளக்; கரண்ட் போகிற அதே கம்பியில் நெட்டும் போகுமாம். இந்த வீடு கட்டும்போது ஒவ்வொரு குழாயும் எந்தச் சுவரில் எப்படித் திரும்புகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதற்குள் போவது கரண்ட் மட்டும்தான் என்று நினைத்து, அதன் மேலேயே ஆணி அடித்துக் காலண்டர் மாட்டி, முப்பது வருடம் முதுகையும் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது என் மகளின் முகமும் குரலும் உங்கள் ஆபீஸும் அந்தச் சுவருக்குள் ஏறிப் போகப் போகின்றன என்றால் என்ன சொல்வது? முதல் காரியமாகக் காலண்டரைக் கழற்றினேன். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உங்கள் அத்தை ஹாலின் மூலையில் தையல் மெஷினில் இருந்தபடி, சுவருக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். அவளுக்கு இதன் அருமை தெரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வேலை தொடங்கியது. கீழ்ப் பிளக்கை டிவி, செட்டாப் பாக்ஸ், போன் சார்ஜர் எல்லாம் குடியிருக்கிற நீளப் பெட்டியில் செருகினேன். விளக்கே எரியவில்லை. தாளைத் திருப்பிப் படித்தால், நேராகச் சுவரில்தான் செருக வேண்டும், நடுவில் தரகர் யாரும் கூடாது என்று போட்டிருந்தது. சரி என்று சுவரில் செருகினேன். அடுத்து ஜோடி சேர்க்கிற படலம். கீழே உள்ள பிளக்கின் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் மேலே உள்ளதையும் அமுக்க வேண்டும். தாண்டினால் இரண்டும் ஒன்றையொன்று தெரியாது என்று சொல்லிவிடுமாம். நம் மாடிப்படி பத்தொன்பது. நான் கீழே அமுக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். முதல் தடவை இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், இரண்டு எட்டு. மூன்றாவது தடவை நிச்சயம் பிடித்திருப்பேன். பாதிப் படியில் உங்கள் அத்தை கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டாள், பதில் சொல்ல நின்றேன், போயிற்று. ஆறு தடவை ஏறி இறங்கி, படியிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சு அமுக்கிட்டு, அப்புறம் ஒண்ண மேல எடுத்துட்டுப் போனா ஆகாதா?"

ஆயிற்று. ஒரே தடவையில் ஆயிற்று. ஒன்றைப் பிரித்து மேலே கொண்டுபோய்ச் செருகி, பீரோ மேல் வைத்த வைஃபை பெட்டியோடு இணைத்த பிறகும் அது கீழே இருப்பதை மறக்கவில்லை. மனிதர்களுக்கே இல்லாத குணம் இது.

ஆனால் மேல் பிளக்கின் விளக்கு சிவப்பாக எரிந்தது. பச்சை என்றால் பாதை நன்று, ஆரஞ்சு என்றால் சுமார், சிவப்பு என்றால் வண்டி வரும், எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. தாளில் காரணமும் இருந்தது: அதே கம்பியில் ஓடுகிற மோட்டார்களும் சார்ஜர்களும் போடுகிற சத்தத்தில் நெட்டுக்குத் தன் வழி தெரியாமல் போகிறதாம். நமக்குக் காதில் விழாத சத்தம், சுவருக்குள்ளேயே நடக்கிற சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே ஒரு நோட்டைத் திறந்தேன். பதினொன்று ஐந்து, மிக்சி ஓட்டம், சிவப்பு. பதினொன்று ஒன்பது, மிக்சி நிறுத்தம், சிவப்புதான், ஆனாலும் முறைப்பு குறைவு. ஃபேன் மூன்றில் இருந்தால் ஒரு மாதிரி, ஐந்தில் இருந்தால் வேறு மாதிரி. வாஷிங் மெஷின் துணியைப் பிழியும்போது வைஃபை அடியோடு படுத்துவிடுகிறது. இரண்டு நாளில் பதினேழு பக்கம் எழுதினேன். டிப்போவில் இருநூறு வண்டிகளை மேய்த்தபோதுகூட இத்தனை ஒழுங்கீனத்தை நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு வந்தபோது நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், எதைக் கேட்டாலும் "உம்" என்பதைத் தவிர வேறு பேசாத மனிதர், தெருவே அவரை உம் என்றுதான் கூப்பிடுகிறது. ஒரே கம்பியில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போனால் நடுவில் இடித்துக்கொள்ளாதா என்று நான் கேட்டேன். உம் என்றார். பிறகு மெயின் போர்டைத் திறந்து, அரை மணி நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். வீட்டுக்கு மூன்று லைன் வருகிறதாம். ஹால் ஒரு லைன், மேல் அறை வேறொரு லைன். அந்தப் பக்கத்து நெட் இந்தப் பக்கம் தாவித்தான் வர வேண்டியிருக்கிறதாம். முப்பது வருடமாக ஒரே வீடு என்று நினைத்து இரண்டு வீட்டில் குடியிருந்திருக்கிறேன். அவர் மேல் அறையை ஹால் லைனுக்கே மாற்றிவிட்டார். சிவப்பு ஆரஞ்சாக மாறியது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவே இல்லை நான்.

ஆரஞ்சு விளக்கை நம்பிப் புதன்கிழமை காலை மேல் அறையிலிருந்து குட்டியைக் கூப்பிட்டேன். கீழே அத்தை தைத்துக்கொண்டிருந்தாள். குட்டி திரையில் வந்து, "அப்பா, நேத்து டாக்டர் சொன்னாங்க" என்றாள். அவ்வளவுதான். வாய் திறந்தபடி, ஒரு கை தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் என்ன சொன்னார்? நான் போனை ஆட்டினேன், ஜன்னல் பக்கம் ஓடினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் பெண் சிலையாக நிற்கிறாள். நான்கு நிமிடம் மாப்பிள்ளை, கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், என் வாழ்நாளில் இத்தனை நீளமான நான்கு நிமிடம் வந்ததில்லை. பிறகு உயிர் வந்து, கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று முடித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. குற்றவாளி கீழே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் மோட்டார் என்று என் நோட்டு சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னது.

இறங்கிப் போய் ஒரு கால அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலை ஏழு முதல் ஏழரை வரை மிக்சி. ஞாயிறு மட்டும் வாஷிங் மெஷின். நீங்கள் இங்கே இருக்கப்போகிற நான்கு மாதமும் ஒன்பது முதல் ஆறு வரை, அதாவது உங்கள் ஆபீஸ் நேரத்தில், தையல் மோட்டார் கூடாது. உங்கள் அத்தைக்குப் பள்ளிக்கூடச் சீருடை நாற்பது செட் பாக்கி, திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அவள் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "அப்ப நாலு மாசம் நான் என்ன பண்றது?" என்றாள். குட்டிக்காகப் பொறுத்துக்கொள் என்றேன். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையால் ஊசி பிடித்து உட்கார்ந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஃபிரிட்ஜிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை ஆச்சரியம் ஆரம்பம். பல் வலிக்கிறது என்று என்றோ சொன்னதை அவளே ஞாபகப்படுத்தி என்னைப் பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். அங்கே கூட்டம், மூன்று மணி நேரம். திரும்பி வந்தால் வீட்டின் முகமே மாறியிருந்தது. இரண்டு பிளக்குகளுக்கும் சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டில் அழகாக உறை தைத்து மாட்டியிருந்தாள். தூசி படக் கூடாதாம். கை தவறி யாரும் அணைத்துவிடக் கூடாது என்று சுவிட்சையும் சேர்த்து மூடும்படி, அடியில் எலாஸ்டிக் வைத்து. கோபத்தில் இருந்தவள் தைத்த உறை! திறந்து பார்க்கக் கை போனது; "தொறக்காதீங்க, அளவெடுத்து தச்சது, லூஸாயிடும்" என்றாள். அந்த உழைப்புக்கு மரியாதை கொடுத்து நான் இன்றுவரை திறக்கவில்லை.

இன்னொன்றும் செய்திருந்தாள். மாடிப்படிக் கைப்பிடியை ஒட்டி, கீழே ஹாலிலிருந்து மேல் அறை பீரோவின் பின்பக்கம் வரை, நீலக் கயிறு ஒன்று கட்டியிருந்தாள். மழை நாளில் துணி காயப்போடவாம். படிக்கட்டில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் சமாதானத்துக்கு வந்தவளிடம் சட்டம் பேசுவானேன் என்று, நல்ல யோசனை என்றேன். நேற்றுக் குளித்துவிட்டு வந்து அதில் துண்டைப் போட்டதற்கு, "அதுல ஈரத்தைப் போடாதீங்க" என்று ஓடிவந்து எடுத்துவிட்டாள். துணிக் கயிற்றில் ஈரத்தைப் போடாமல் வேறு எதைப் போடுவது என்று கேட்டேன். புதுக் கயிறு, கொஞ்சம் பழகட்டும் என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழன் மாலை மேலே போய்ப் போனைத் திறந்தால், நெட் ஆறு மாதிரி வருகிறது. மிக்சியைப் போடச் சொன்னேன், அசையவில்லை. வாஷிங் மெஷினில் போர்வையைப் போட்டுப் பிழியவிட்டேன், வீடே ஆடியது, நெட் ஆடவில்லை. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தையல் மோட்டாரை மாட்டி முழு வேகத்தில் ஓட்டு என்றேன். அவள் ஓட்டினாள். ஒரு சட்டை முழுக்கத் தைத்து முடித்தாள், மேலே படம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எப்படி இது என்று கேட்டேன். அவர் உங்கள் அத்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, உம் என்றார். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், கம்பிக்குப் பழகிவிட்டது. புது டிரைவருக்கு ரூட் பழக ஒரு வாரம் ஆகும். நெட்டும் அப்படித்தான், நம் வீட்டின் திருப்பங்களைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து அட்டவணையை நானே கிழித்தேன்.

நேற்று மத்தியானம் குட்டியை மறுபடி கூப்பிட்டேன். பேசிக்கொண்டே இருந்தவள் கொட்டாவி விட்டாள். முழுக் கொட்டாவி, ஆரம்பம் முதல் முடிவு வரை, நடுவில் நிற்காமல் பார்த்தேன். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டாள். நான் அணைக்கவில்லை. நாற்பது நிமிடம், அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு மூச்சுகூட விட்டுப்போகவில்லை. கீழே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கோ தூங்குகிற என் பெண், நான் கட்டிய சுவருக்குள் ஏறி என் கைக்கு வந்து சேர்கிறாள். இதைவிட அதிசயம் ஒன்றை இந்த வயதில் நான் கேட்கவும் மாட்டேன். எழுந்து போய்ச் சுவரைத் தொட்டு, ரொம்ப நன்றிப்பா என்று சொன்னேன். யாரும் இல்லை என்பதால் சொன்னேன், உங்களிடம் மறைக்க வேண்டாம்.

ஆகவே மாப்பிள்ளை, எந்தத் தயக்கமும் இல்லாமல் டிக்கெட் போடுங்கள். உங்கள் மேஜை ஜன்னல் ஓரம் தயாராக இருக்கிறது. என் சபதமும் நின்றது, வீட்டுக்குள் ஒரு முழம் ஒயர்கூடத் தொங்கவில்லை. நீங்கள் மூவரும் நோய் நொடியின்றி, நடுவில் விட்டுப்போகாத நெட்டும் நடுவில் கலையாத தூக்கமும் பெற்று வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இங்ஙனம்,
உங்கள் மாமனார்
(டைம் கீப்பர், ஓய்வு)

கீழே மீதி இடம் உங்கள் அத்தைக்கு. அவள் எழுதுவதை நான் படிப்பதில்லை, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஒட்டித் தபாலில் போடுவதும் அவளே.

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுகிறேன். முன்னால் உள்ளதெல்லாம் படித்தேன். அந்த நீலக் கயிறு கயிறு இல்லை, கேபிள். அவர் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் உம் வந்து இழுத்துக்கொடுத்தார். இந்தப் பக்கம் மோடம், அந்தப் பக்கம் பீரோ மேல் இருக்கிற, நீங்கள் அனுப்பிய வைஃபை பெட்டி. உறைக்குள் இரண்டு பிளக்கும் வியாழக்கிழமையிலிருந்து அணைந்துதான் கிடக்கின்றன. சீருடை நாற்பது செட்டும் முடிந்தது, நடுவில் பாப்பாவுக்குப் பன்னிரண்டு சட்டையும் தைத்துவிட்டேன். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மேலே காபி கொண்டுபோனபோது அவர் சுவரைத் தொட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் காபியோடு இறங்கி வந்துவிட்டேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். வந்தால் உறையைத் திறக்காதீர்கள், நீலக் கயிற்றில் ஈரத்தைப் போடாதீர்கள். பாப்பா துணி காயப்போட மொட்டை மாடியில் வேறு கயிறு கட்டியிருக்கிறேன், அது நிஜக் கயிறு. சீக்கிரம் வாருங்கள்.